ஜெர்மன் சிறுவர் கிளாசிக் புக்ஸ் வாங்கணுமா? வெளிநாடு போறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

யாராவது ஜெர்மனி பக்கம் டிக்கெட் போட்டாலே எனக்கு ஒரு மெசேஜ் வந்துடும், "அங்க குழந்தைங்க புக் எங்க கிடைக்கும், எதை வாங்கணும்"னு. பாதி பேர் ஜெர்மன் கத்துக்கிறவங்க, மீதி பேர் அங்க பொறந்து வளர்ற அண்ணன் பொண்ணு, அக்கா பையனுக்கு வாங்கிட்டு போறவங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விங்களை கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

"அக்கா எனக்கு கிரிம் கதைங்க மட்டும்தான் தெரியும், கிளாசிக்னா வேற என்னல்லாம் இருக்கு?"

பழசுல இருந்து ஆரம்பிச்சா கிரிம் சகோதரர்கள் தொகுப்போட முதல் பாகம் 1812. அப்புறம் 1845ல ஷ்ட்ரூவல்பேட்டர். ஹைன்ரிஷ் ஹோஃப்மன்னு ஒரு ஃப்ராங்க்ஃபர்ட் டாக்டர், மூணு வயசு பையனுக்கு கிறிஸ்மஸுக்கு புக் தேடி கடை கடையா ஏறி எதுவுமே பிடிக்காம, வெறும் நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து தானே எழுதி தானே படமும் வரைஞ்சது. 1865ல வில்ஹெல்ம் புஷ்ஷோட மாக்ஸ் உன்ட் மோரிட்ஸ், ரெண்டு வாலுப் பசங்க பண்ற ஏழு சேட்டை, முழுக்க பாட்டா இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டுன்னா எரிஷ் கெஸ்ட்னரோட எமில் உன்ட் டீ டெடெக்டீவ, 1929. ரயில்ல பணம் திருட்டு குடுத்த பையன் பெர்லின் பசங்களோட சேர்ந்து திருடனை துரத்துற கதை. அப்புறம் ஓட்ஃப்ரீட் ப்ராய்ஸ்லர்: குட்டி சூனியக்காரி கதை டீ க்ளைன ஹெக்ஸ 1957, கொள்ளைக்காரன் ஹோட்சன்ப்ளோட்ஸ் 1962, கொஞ்சம் பெரிய பசங்களுக்கு க்ராபாட் 1971. மிஷாயேல் எண்டேவோட ஜிம் க்னாப்ஃப் 1960, மோமோ 1973, முடிவே இல்லாத கதைன்னு அர்த்தம் வர்ற டீ உனென்ட்லிஷ கெஷிஷ்ட 1979. யானோஷ் எழுதி வரைஞ்ச பனாமா கதை 1978, கரடியும் புலியும் ஒரு வாழைப்பழ வாசம் அடிக்கிற பெட்டியைப் பாத்துட்டு பனாமா தேடி கிளம்புறது. முதல் தடவை வாங்குறவங்களுக்கு நான் சொல்றது எமில், ஹோட்சன்ப்ளோட்ஸ், பனாமா. இது மூணும் போதும், மத்தது தானா பின்னாடி வரும்.

"ஹைடி, பிப்பி, பாம்பி இதெல்லாம் ஜெர்மன் தானே? லிஸ்ட்ல காணோமே?"

பிப்பி ஸ்வீடன்காரி, ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் எழுதுனது. ஆனா ஜெர்மனில 1949ல இருந்தே மொழிபெயர்ப்பு இருக்கு, ஒவ்வொரு வீட்லயும் இருக்கும், அதனால அங்க உள்ள பசங்களே அதை ஜெர்மன் புக்னு நினைச்சுட்டு வளர்றாங்க. கடைலயும் கெஸ்ட்னர் பக்கத்துலயே நிக்கும்.

ஹைடி எழுதுன யொஹானா ஸ்பிரி சுவிஸ்காரங்க, எழுதுனது ஜெர்மன்ல, ரெண்டு பாகமா 1880, 1881ல வந்துச்சு. கார்ட்டூன் பாத்தவங்களுக்கு மலையும் ஆடும்தான் ஞாபகம் இருக்கும், கதைல கணிசமான பகுதி ஃப்ராங்க்ஃபர்ட்ல ஒரு பணக்கார வீட்ல நடக்குது. பாம்பி தான் நிறைய பேருக்கு ஷாக். ஃபெலிக்ஸ் சால்டன்னு வியன்னா யூத எழுத்தாளர் ஜெர்மன்ல எழுதுன நாவல் அது, 1923ல புக்கா வந்துச்சு, பின்னாடி நாஜிங்க தடை பண்ணாங்க, அவர் சூரிக் போய் 1945ல அங்கயே இறந்துட்டார். சினிமா பாத்துட்டு சின்னக் குழந்தைக்கு வாங்கிடாதீங்க, வேட்டையும் சாவும் நிறைய வரும்.

"எந்தக் கடைக்குப் போகணும்? ஏர்போர்ட்லயே முடிச்சிடலாமா?"

ஏர்போர்ட்ல சாக்லேட் வாங்குங்க. சுற்றுலா இடங்கள்ல இருக்குற கிஃப்ட் கடையும் வேண்டாம், அங்க கிரிம் கதைன்னு பளபளன்னு ஒரு சுருக்கம் மட்டும் இருக்கும். சாதாரண புத்தகக் கடை, போர்ட்ல புஹ்ஹன்ட்லுங்னு போட்டிருக்கும், சின்ன ஊர்ல கூட ஒண்ணாவது இருக்கும், உள்ள கிண்டர்புஹ்னு தனி பகுதி. பெரிய கடை வேணும்னா பெர்லின்ல ஃப்ரீட்ரிஷ் தெருவுல டுஸ்மன், முனிச்ல மரியன்ப்ளாட்ஸ்ல ஹுகன்டூபல், பல ஊர்ல தாலியா. ஆனா எனக்கு சின்னக் கடைதான் பிடிக்கும், அங்க நிக்கிறவங்க அந்த வேலைக்குன்னே படிச்சு பயிற்சி எடுத்துட்டு வந்தவங்களா இருப்பாங்க, "ஏழு வயசு பொண்ணு, பேய்னா பயம்"னு சொன்னா போதும், எடுத்துக் குடுத்துடுவாங்க.

ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடி இருக்கும், இதை தெரியாம கடைசி நாளுக்குன்னு தள்ளி வச்சவங்க நிறைய. அன்னைக்கு திறந்திருக்கிறது பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல இருக்குற புத்தகக் கடைதான், அங்க சிறுவர் பகுதி சின்னதா இருக்கும், பிக்ஸி புக்ஸ் மட்டும் நிச்சயம் கிடைக்கும். பத்து சென்டிமீட்டர் சதுரத்துல குட்டியா இருக்கும், 1954ல இருந்து வருது, ஒரு காபி விலையை விட கம்மி. நிறைய குழந்தைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும்னா இதை மிஞ்சுனது இல்ல.

"கடைல கேட்டா இல்லன்னுட்டாங்க, நான் மூணு நாள்தான் இருக்கேன், இப்ப என்ன பண்றது?"

இல்லன்னா, இன்னைக்கு இல்லன்னு அர்த்தம், அவ்ளோதான். ஜெர்மனில புத்தக மொத்த வியாபாரம் ராத்திரியோட ராத்திரியா ஓடுது, பிரிண்ட்ல இருக்குற எந்த புக்கா இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள ஆர்டர் சொன்னா பெரும்பாலும் மறுநாள் காலைல கடைக்கு வந்துடும், டெலிவரி சார்ஜும் கிடையாது. போன்ல அட்டைப்படத்தைக் காட்டி "க்யோனன் ஸீ தாஸ் பெஷ்டெலன்"னு கேளுங்க, ஆர்டர் பண்ணித் தர முடியுமான்னு அர்த்தம். பேர் சொல்லிட்டு வந்தா போதும்.

ஐஎஸ்பிஎன் நம்பர், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் குடுக்கிற அடையாள நம்பர், கையில இருந்தா இன்னும் சுலபம், உச்சரிப்பு கஷ்டமே இல்ல. ஜெர்மன் மொழிப் புத்தகம்னா நம்பர் 978-3ன்னு ஆரம்பிக்கும், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் ஜெர்மன் பதிப்பகங்க எல்லாத்துக்கும் அதே 3 தான். ஊருக்குப் போன முதல் நாளே கடைக்குப் போங்க, கடைசி நாள் இல்ல. இந்த ஒண்ணை மட்டும் பண்ணாலே பாதி பிரச்சினை வராது.

"ஆன்லைன்ல டிஸ்கவுண்ட்ல கிடைக்குமே, எதுக்கு கடைல முழு விலை குடுக்கணும்?"

கிடைக்காது. ஜெர்மனில புது புக்குக்கு பதிப்பகம் வச்ச விலைதான் விலை, 2002ல இருந்து அதுக்குன்னே தனி சட்டம் இருக்கு, மூலைக் கடையா இருந்தாலும் பெரிய ஆன்லைன் கம்பெனியா இருந்தாலும் ஒரே ரேட். அதனால பேரம் பேசாதீங்க, அவங்களால குறைக்கவே முடியாது. ஆஸ்திரியாலயும் இதே மாதிரிதான். சுவிஸ்ல இந்த விதி இல்ல, ஆனா அங்க எல்லாமே விலை ஜாஸ்தி, அதனால லாபமும் இல்ல.

கம்மியா வேணும்னா ரெண்டு வழி. கடை வாசல்ல டப்பால மெங்கல்எக்ஸெம்ப்ளார்னு முத்திரை அடிச்ச புக்ஸ் கிடக்கும், ஓரம் நசுங்குனது, அட்டை கீறல் விழுந்தது, அந்த மாதிரி. உள்ள பக்கம் எல்லாம் சரியா இருக்கும். இன்னொரு வழி பழைய புக்.

"பழைய புக் எங்க தேடுறது?"

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. மொதல்ல தெருவுல இருக்குற ப்யூஷர்ஷ்ராங்க், அதாவது பொது புத்தக அலமாரி. பழைய டெலிபோன் பூத்தையே அலமாரி ஆக்கி வச்சிருப்பாங்க சில இடத்துல, யார் வேணா எடுக்கலாம், யார் வேணா வைக்கலாம், காசு இல்ல, கேக்க ஆளும் இல்ல. பசங்க வளர்ந்துட்டா வீட்ல இருக்குற ப்ராய்ஸ்லர், யானோஷ் எல்லாம் அங்கதான் வந்து சேரும். குடும்பங்க நிறைய இருக்குற குடியிருப்புப் பகுதில பாருங்க, டவுன் நடுவுல இருக்குறதுல பழைய சமையல் புக்கும் கம்ப்யூட்டர் கைடும்தான் இருக்கும்.

அடுத்தது ஃப்ளோமார்க்ட், நம்ம ஊர் சண்டே மார்க்கெட் மாதிரி. பெர்லின்ல மவுவர்பார்க்ல ஞாயித்துக்கிழமை நடக்கிறது பேர் போனது, அதனாலயே விலையும் கூட்டமும் அதிகம். நான் சொல்றது ஸ்கூல், சர்ச், கிண்டர்கார்டன்ல போடுற குழந்தைங்க சாமான் சந்தை, போஸ்டர் ஒட்டி இருக்கும், குட்டிப் பசங்களே பாய் விரிச்சு உக்காந்து அவங்க புக்கை விப்பாங்க. இங்க தாராளமா பேரம் பேசலாம். நூலகங்களும் கழிச்சு விட்ட புக்கை அப்பப்ப போட்டு விப்பாங்க, முத்திரையும் டேப்பும் இருக்கும், பரவால்லன்னா அள்ளிடலாம்.

குறிப்பிட்டு ஒரு பழைய பதிப்புதான் வேணும்னா ஆன்டிக்வாரியாட், அதாவது பழைய புத்தகக் கடை. ஒவ்வொரு கடையா ஏறாம, இசட்விஏபி (ZVAB), புக்லூக்கர் (Booklooker) மாதிரி சைட்ல முதல்ல தேடுங்க, அந்தக் கடைங்க ஸ்டாக் அதுல இருக்கும், நீங்க போற ஊர்க் கடைல இருந்தா நேர்ல போய் பாத்து வாங்கலாம், இல்லன்னா தங்கியிருக்கிற வீட்டு அட்ரஸுக்கு வரவைக்கலாம்.

"ஃப்ளோமார்க்ட்ல அழகா ஒரு கிரிம் புக் கிடைச்சுது, ஆனா எழுத்தே படிக்க முடியல, இது ஜெர்மன் தானா?"

ஜெர்மன்தான், ஃப்ராக்டூர் எழுத்து. வளைஞ்சு உடைஞ்ச மாதிரி இருக்குமே அது. 1941ல நாஜி அரசே அதை நிறுத்திடுச்சு, அதுக்கு முன்னாடி வந்த சிறுவர் புக்ல பெரும்பாலும் அதுதான். எஸ் எழுத்து எஃப் மாதிரி தெரியும், அதுதான் முதல்ல குழப்பும், ரெண்டு மூணு பக்கம் பொறுமையா படிச்சா கண்ணு பழகிடும். முன் பக்கத்துல பேனாவுல யாராவது எழுதி குடுத்திருந்தா அது வேற கதை, பழைய கையெழுத்து முறை, அங்க உள்ள இளவட்டங்களுக்கே புரியாது.

வயசு கண்டுபிடிக்க இன்னொரு வழி சொல்றேன். "தஸ்"னு ஒரு சொல் பக்கத்துக்கு பக்கம் வரும், அதை கடைசில ரெண்டு எஸ் போட்டு அச்சடிச்சிருந்தா 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் வந்த பதிப்பு, பீட்டா மாதிரி இருக்குற எஸ்ஸெட் போட்டிருந்தா பழசு. சுவிஸ்ல அச்சான புக்குக்கு இந்த சோதனை செல்லாது, அவங்க எஸ்ஸெட்டே யூஸ் பண்றதில்ல.

"ஒரே கதை பத்து விதமா இருக்கு, எது ஒரிஜினல்னு எப்படி தெரியும்?"

இதுதான் உண்மையான கேள்வி. புக் கிடைக்கிறது கஷ்டமே இல்ல, சரியான பதிப்பு கிடைக்கிறதுதான் விஷயம். கிரிம், புஷ், ஸ்பிரி, ஹோஃப்மன் எல்லாம் காப்புரிமை முடிஞ்சது, யார் வேணா வெட்டி ஒட்டி போடலாம், போடுறாங்க. அட்டைல இல்ல உள் பக்கத்துல நாஹ்எர்ட்சேல்ட்னு இருந்தா யாரோ திருப்பிச் சொன்னது, உன்கெக்யூர்ட்ஸ்ட்னு இருந்தா வெட்டாத முழுசு. ஹைடி வாங்கும்போது இதைப் பாக்கலன்னா ரெண்டு பாகத்தையும் சேத்து அறுபது பக்கத்துல முடிச்ச ஒண்ணு கையில வந்துடும். கிரிம்முக்கு 1857ல வந்த ஏழாம் பதிப்புதான் அண்ணன் தம்பி இருந்தப்ப வந்த கடைசி முழுப் பதிப்பு, 200 கதையும் 10 குட்டி புனிதர் கதையும் இருக்கும், ரெக்லாம் பதிப்பகத்துல மூணு பாகமா மலிவா கிடைக்குது. படம் இருக்காது, பெரியவங்களுக்கு.

மத்த புக்ஸை படத்தைப் பாத்து கண்டுபிடிங்க. எமில்னா வால்ட்டர் ட்ரியர் படம், மஞ்சள் அட்டைல ஒரு தெரு, தூண் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிற பசங்க. ஹோட்சன்ப்ளோட்ஸ்னா எஃப் ஜே ட்ரிப். க்ளைன ஹெக்ஸ வின்னி கெப்ஹார்ட். பிற்பாடு கலர் சேத்த பதிப்புங்களும் இருக்கு, அது மோசம் இல்ல, ஆனா எனக்கு கறுப்பு வெள்ளைதான். உனென்ட்லிஷ கெஷிஷ்ட வாங்குனா கடைலயே திறந்து பாருங்க, நிஜ உலகம் ஒரு கலர், கற்பனை உலகம் ஒரு கலர்னு சிவப்பு பச்சைல அச்சடிச்சு, 26 அத்தியாயமும் ஏ ல இருந்து இசட் வரைக்கும் ஒவ்வொரு எழுத்துல ஆரம்பிக்கும், முழுக்க கறுப்பு மையில இருந்தா திரும்ப வச்சுடுங்க.

"நான் ஏ1 முடிச்சிருக்கேன், குழந்தைங்க புக்னா ஈஸியா படிச்சிடலாம் இல்ல?"

முடியாது, சாரி. ஏ1ங்கிறது மொழி கத்துக்கிறதுல முதல் படிதான், அதுக்கு மேல ஏ2, பி1னு போகும். கிளாஸ்ல பேசுற இறந்த காலம் வேற, கதை புக்ல வர்ற இறந்த காலம் வேற. ப்ரெட்டெரிட்டும்னு ஒண்ணு, ஏ1ல அதை பெருசா பாத்திருக்க மாட்டீங்க, கதைங்க முழுக்க அதுலதான் ஓடும். கிரிம்ல பழைய சொல்லு, ஷ்ட்ரூவல்பேட்டர், மாக்ஸ் உன்ட் மோரிட்ஸ்ல பாட்டு. அர்த்தம் தேடித் தேடி ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆச்சுன்னா மனசு விட்டுடும்.

முதல்ல பிக்ஸி, அப்புறம் யானோஷ், வாக்கியம் குட்டி, படம் பாதி வேலையை பாத்துடும். ஏ2 தாண்டுன பிறகு க்ளைன ஹெக்ஸ. எமில் பி1க்கு மேல, நடுவுல பெர்லின் பேச்சு வழக்கு வரும், அதுல தடுமாறுனா பயப்படாதீங்க. ஆடியோவும் சேத்து கேட்டா ரொம்ப உதவும், ஹோட்சன்ப்ளோட்ஸ் எல்லாம் நாடகமா பல தலைமுறைக்கு ஓடிட்டு இருக்கு.

"பழைய பதிப்புல தப்பான வார்த்தைங்க இருக்காமே, குழந்தைக்கு குடுக்கலாமா?"

இருக்கு. க்ளைன ஹெக்ஸல திருவிழா வேஷம் போடுற இடத்துல கறுப்பின மக்களை இழிவா சொல்ற சொல் இருந்துச்சு, 2013ல பதிப்பகம் மாத்துறதா சொன்னப்ப ஜெர்மனி முழுக்க பெரிய சண்டை, ப்ராய்ஸ்லர் சம்மதிச்சிருந்தார், அந்த வருஷம் பிப்ரவரிலயே இறந்துட்டார். ஜிம் க்னாப்ஃபும் 2024ல அதே மாதிரி திருத்தி வந்துச்சு, படத்துலயும் மாத்தினாங்க. குழந்தை கைல குடுக்கிறதா இருந்தா புதுசு வாங்குங்க, இதுல எனக்கு ரெண்டு மனசு இல்ல. நம்ம நிறத்துல இருக்குற பசங்க அங்க ஸ்கூல்ல அந்த சொல்லை நேர்ல கேக்கிறவங்க.

ஷ்ட்ரூவல்பேட்டர் வேற வகை. விரல் சூப்புற பையன் கட்டை விரலை தையல்காரர் கத்தரிக்கோலால வெட்டிடுவார், தீப்பெட்டி விளையாடுன பொண்ணு சாம்பல் ஆயிடுவா. தூங்குற நேரத்துல படிக்காதீங்க, உங்களுக்குன்னு வாங்குங்க.

"வியன்னா, சூரிக் போறேன், அங்கயும் இதே புக்ஸ் தானா?"

இதே புக்ஸும் இருக்கும், ஆனா அந்த ஊர்க்காரங்களை விட்டுட்டு வராதீங்க. வியன்னால கிறிஸ்டினே நோஸ்ட்லிங்கர், டின்ல அடைச்சு பார்சல்ல வந்த பையன் கதை கொன்ராட் 1975, எனக்கு கெஸ்ட்னருக்கு சமமா பிடிக்கும். மீரா லோப எழுதுன குட்டி இஷ் பின் இஷ் 1972, எல்லா மிருகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாதிரி இருக்குற ஒரு குட்டிப் பிராணி நான் யாருன்னு கேட்டு அலையும். வெளிநாட்ல வளர்ற நம்ம பசங்களுக்கு இதை விட பொருத்தமா ஒண்ணை நான் பாத்ததில்ல. சனிக்கிழமைன்னா நாஷ்மார்க்ட் பக்கத்துல ஃப்ளோமார்க்ட்டும் இருக்கு.

சுவிஸ்ல ஷெல்லன்உர்ஸ்லி, 1945, மணி வேணும்னு பனில மலை ஏறுற பையன், அலோய்ஸ் காரிஜியே வரைஞ்ச படத்துக்காகவே வாங்கலாம்.

"நான் ஜெர்மனி பக்கமே போகல, வேற எங்கயாவது கிடைக்குமா?"

இத்தாலில போல்சானோல ஜெர்மன் பேசுறவங்களும் இருக்காங்க, ஆதேசியா கடைல எல்லாம் கிடைக்கும். பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல இருந்தா ட்ராம் ஏறி ரைன் ஆத்தைத் தாண்டி கேல் ஊர்ல இறங்கிடுங்க, அது ஜெர்மனி. நமீபியால ஸ்வாகோப்முண்ட்ல கூட ஜெர்மன் புத்தகக் கடை உண்டு, காலனி காலத்துல இருந்து ஜெர்மன் பேசுறவங்க அங்க இருக்காங்க. எங்கயும் போகலன்னா சென்னை நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிட்யூட், மாக்ஸ் முல்லர் பவன்னு சொல்வோமே அங்க லைப்ரரி இருக்கு, அவங்களோட ஓன்லைஹெங்கிற இ-லைப்ரரில இருந்து போன்லயே எடுத்துப் படிக்கலாம்.

"கிழக்கு ஜெர்மனி காலத்து புக்ஸ் தனியா இருக்குமா?"

இருக்கு, ரொம்ப அழகான புக்ஸ், மேற்குல பல பேருக்கு பேரே தெரியாது. எலிசபெத் ஷா வரைஞ்சு எழுதுன பயந்தாங்கொள்ளி முயல் கதை டெர் க்ளைன ஆங்ஸ்ட்ஹாஸ 1963, வேற ஒருத்தர் எழுதுன அல்ஃபோன்ஸ் ட்சிட்டர்பாக்க 1958. புதுசா வேணும்னா பெல்ட்ஸ் பதிப்பகம் நிறையத்தை திரும்பப் போட்டிருக்கு, பழசா வேணும்னா லைப்ஸிக், டிரெஸ்டன் பக்கம் தேடுங்க. உள் பக்கத்துல லைசென்ஸ் நம்பர் போட்டு கிண்டர்புஹ்ஃபெர்லாக் பெர்லின்னு இருந்தா அதுதான்.

"புக் வாங்குறதோட ஏதாவது பாக்கவும் செய்யலாமா?"

முனிச்ல ப்ளூட்டன்புர்க் கோட்டைல சர்வதேச இளையோர் நூலகம், 1949ல யெல்லா லெப்மன் ஆரம்பிச்சது, நாஜிங்களுக்கு தப்பி ஓடுன யூதப் பெண்மணி, போர் முடிஞ்சதும் திரும்பி வந்து குழந்தைங்களுக்கு புக் சேத்தாங்க. எண்டேவுக்கு தனி மியூசியம் அதே கோட்டைக்குள்ள. ஃப்ராங்க்ஃபர்ட்ல ஷ்ட்ரூவல்பேட்டர் மியூசியம், டிரெஸ்டன்ல கெஸ்ட்னர், ஹனோவர்ல புஷ், காசல்ல கிரிம், கொலோன் பக்கத்துல ட்ராய்ஸ்டார்ஃப்ல படக்கதைப் புக்குக்குன்னே ஒண்ணு. மியூசியம் கடைல பதிப்புங்க நல்லா தேர்ந்தெடுத்து வச்சிருப்பாங்க, கிஃப்ட் கடை வேண்டாம்னு மேல சொன்னதுக்கு இது விதிவிலக்கு.

பெர்லின் போனா பேபல்ப்ளாட்ஸ்ல தரைல இருக்குற கண்ணாடி வழியா கீழ பாருங்க, காலி அலமாரிங்க. 1933 மே 10 அங்கதான் புக்கை எரிச்சாங்க, கெஸ்ட்னரே கூட்டத்துல நின்னு தன் புக் எரியறதைப் பாத்தார். எமிலை மட்டும் அப்ப விட்டுட்டாங்க, அவ்வளவு பேர் படிச்ச புக்.

"எமில் முதல் பதிப்பு வாங்கணும்னு ஆசை, ஃப்ளோமார்க்ட்ல மாட்டுமா?"

வாய்ப்பு ரொம்பக் கம்மி. முதல் பதிப்பு வில்லியம்ஸ் உன்ட் கோ, பெர்லின், எடித் யாகோப்ஸோன் நடத்துன பதிப்பகம், அவங்கதான் கெஸ்ட்னர்கிட்ட குழந்தைங்களுக்கு எழுதுங்கன்னு கேட்டவங்க. சூரிக் ஆட்ரியம் பதிப்பகம், இல்ல ஹாம்பர்க் ட்ரெஸ்லர் பதிப்பகம்னு போட்டிருந்தா பிற்கால அச்சு. அட்டைப்படம் ஒண்ணா இருக்குறதை வச்சு முதல் பதிப்புன்னு யாராவது விலை சொன்னா நம்பாதீங்க, உள் பக்கத்தைப் பாருங்க, ஐஎஸ்பிஎன் இருந்தா அது 1929 கிடையவே கிடையாது.

"வரி ரீஃபண்ட் உண்டா? வெயிட் வேற பயமா இருக்கு"

ஐரோப்பிய யூனியனுக்கு வெளில வசிக்கிறவங்களுக்கு உண்டு, ஒரே பில்லுல 50 யூரோவுக்கு மேல வாங்கியிருக்கணும், கடை அதுக்கான ஃபார்ம் தரணும், கிளம்பும்போது கஸ்டம்ஸ்ல புக்கை காட்டி முத்திரை வாங்கணும், அதனால செக்-இன் பண்றதுக்கு முன்னாடியே போங்க. ஆனா புக்குக்கு வரியே 7 சதவீதம்தான், அதுல ஏஜென்ட் கமிஷன் போக கைக்கு வர்றது கொஞ்சம், அதுக்கு கியூல நிக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. மத்தபடி கெட்டி அட்டைக்கு பதிலா தாஷன்புஹ், அதாவது பேப்பர்பேக் இருக்கான்னு கேளுங்க, படக்கதை புக்கை மட்டும் கெட்டி அட்டைல வாங்கி ஹேண்ட் லக்கேஜ்ல வச்சுக்கோங்க, மூலை நசுங்காது.